பிறர் பெயரில் நாலு தாள்

முள்ளிப்பட்டு
20-3-1980

மதிப்பிற்குரிய டீச்சரம்மா அமலோற்பவம் அவர்களுக்கு,

மேட்டுத்தெரு தறிக்காரன் தனக்கோடி எழுதிக்கொண்டது. நான் நலம். என் வீட்டுக்காரி கெங்கம்மாள் நலம். நீங்கள் நலமா.

அறுபத்துநாலு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. திங்கட்கிழமை ஆரம்பித்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை. ஒரு நாளைக்கு அரைப்பக்கம் போகிறது. கெங்கம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, இன்னும் நலமா நலமான்னு அங்கியே நின்னுகினு கீற?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நலமா என்று கேட்பதற்கு எனக்கு அரை நாள் ஆனது. கேட்டு முடித்ததும் மனதுக்கு நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் பத்து வருடமாக ஓர் எழுத்து இருக்கிறது. ஓட்டுக்காரர்கள் எழுதியது என்று நினைத்து, வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அதை விட்டுவிட்டு அடித்தோம். எதற்கு வம்பு என்று. போன வாரம் படித்தேன். மலேரியா மருந்து அடித்த தேதி. அவ்வளவுதான். தெருவே சிரித்தது.

பரீட்சை நன்றாக நடந்தது. வகுப்பு எடுத்தவர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று உங்களை ஆரணியில் உங்கள் அத்தை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாமே. எனக்கு அது பிடிக்கவில்லை. வேலூரிலிருந்து ஒரு பேராசிரியரும் உங்களோடு படிக்கும் இரண்டு பேரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருபத்திரண்டு பேருக்கும் பெயர் எழுதிய தாள் வைத்தார்கள். ஆளுக்கு மூன்று வரி தன்னைப் பற்றி எழுத வேண்டும். வைத்துவிட்டுப் பட்டு முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். கறிச்சோறு. திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது.

நாலு தாள் எழுதாமல் கிடந்தது. வகுப்புத் தலைவன் பரசுராமன், "தனக்கோடி, உனக்குத்தான் கை நல்லா ஓடுதே, ஜல்தியா அதையும் முடிச்சிரு" என்றான். முடித்தேன். என் தாள் ஒன்று, மற்றவர்களுக்கு நாலு. கை வலிக்கவே இல்லை டீச்சரம்மா. இருபத்திரண்டும் நிறைந்தது. உங்களுக்கு ஒரு குறையும் வர விடவில்லை.

பதில் போடுங்கள். நானே பிரித்து நானே படிப்பேன்.

இப்படிக்கு
கி. தனக்கோடி


வேலூர்
26-3-1980

அன்புள்ள தனக்கோடி தாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. விடுதியில் எல்லோரிடமும் காட்ட வேண்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். படிக்கட்டில் நின்று கடைசிப் பக்கத்தைப் படித்தேன். பிறகு யாரிடமும் காட்டவில்லை.

எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் வருங்கால ஆசிரியர் மன்றம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் நடத்தும் மன்றம். அதன் சார்பில்தான் சனி ஞாயிறுகளில் உங்கள் ஊருக்கு வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் மன்றத்தில் ஒருவருக்குத் தகைமைப் பதக்கம் தருவார்கள். தகைமைப் பட்டியலில் வரும் ஆறு பேரின் பெயரை மண்டபத்துப் பலகையில் பொன்னிறத்தில் எழுதுவார்கள். பதக்கம் வாங்கியவருக்குக் கல்லூரியின் மாதிரிப் பள்ளியில் வேலை நிச்சயம். இந்த ஆண்டு மதிப்பெண்ணில் நானும் செயலாளர் ஜெயவேலும் சமம். அதனால் யாருடைய முதியோர் வகுப்பில் அதிகம் பேர் தேறினார்கள் என்று பார்க்கிறார்கள். இருபது பேராவது தேறியிருக்க வேண்டும்.

என் அப்பா சந்தவாசலில் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறார். எனக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த வேலை எனக்கு என்னவென்று உங்களுக்குப் புரியும்.

நீங்கள் அன்பினால் செய்தீர்கள். ஆனால் பரீட்சையில் ஒருவர் தாளை இன்னொருவர் எழுதுவது பெரிய தவறு. இதை வகுப்பில் சொல்லித் தராதது என் பிழை. சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நாலு பேர் யார்? வேண்டாம், எழுதாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்களும் இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். யாரிடமும் எதுவும் பேச வேண்டாம்.

அமலோற்பவம்


முள்ளிப்பட்டு
31-3-1980

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்ற இடம் வந்ததும், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மேலே போய்ப் படித்துக்கொண்டு வந்தேன். அதேதான்.

கெங்கம்மாளிடம் சொன்னேன். "கிழிச்சா கிழிக்கட்டும். நீ நெய்ஞ்ச சேலைய எவளோ கட்டிக் கிழிக்கிறா, அதுக்குக் குந்திகினு அழுவியா?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் சேலையை நான் யாருக்கென்றும் நெய்யவில்லை.

தப்பு என்று சொல்கிறீர்கள். நீங்கள் சொன்னால் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு எங்கே தப்பு என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னவர் நீங்கள்தானே. காலையில் தறிக்கு ஏற்றும் நூலைத் தெருவில் பாவாக நீட்டினால் அது யார் வீட்டுப் பாவு என்று நாங்கள் கேட்பதில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு கை பிடிப்பான். எங்கே இழை அறுகிறதோ அங்கே நிற்பவன் முடி போடுவான். வீட்டுக்காரன் வரட்டும் என்று நின்றால் வெயில் ஏறிவிடும், பாவு கெட்டுப்போகும். அப்படித்தான் அந்தத் தாளும் கிடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

நாலு பேரை எழுதாதே என்றீர்கள். எழுதாமல் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அய்யாக்கண்ணு வந்து உட்கார்ந்தான், தாளைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது, பேனாவை வைத்துவிட்டான். ரங்கசாமி மார்சளிக்காக உங்கள் வேலூர் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். பக்கத்து வீட்டு மருமகள் காசியம்மாள் களம்பூர் ரைஸ்மில் வேலைக்குப் போய்விட்டாள். நாலாவது என் தங்கச்சி முனியம்மாள்.

அவள் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். மாசி மாதம் காரியத்துக்கு வந்தீர்கள். ஆனால் தையிலேயே பெயர்ப் பட்டியல் வேலூருக்குப் போய்விட்டதாம், அதனால் அவள் பெயர் எழுதிய தாளும் வந்திருந்தது. பரசுராமன் அதை மடிக்கப் போனான். நான் வாங்கிக்கொண்டேன். "நான் முனியம்மாள். என் அண்ணன் தறிக்குத் தார் சுற்றுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை." இதுதான் எழுதினேன். எல்லாத் தாளிலும் அதுதான் அழகாக வந்தது.

யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டோம்.

தனக்கோடி


வேலூர்
10-4-1980

அன்புள்ள தாத்தாவுக்கு,

கிழித்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் நிலைமை மாறிவிட்டது.

இருபத்திரண்டு பேரும் தேறினார்கள் என்று அறிவித்தார்கள். பதக்கம் எனக்கு என்று முதல்வர் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னார். கை தட்டினார்கள். அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவர் ஈஸ்டருக்கு எடுத்த புதுச் சட்டையை விழாவுக்கென்று மடித்து வைத்துவிட்டாராம். விழா 27-ஆம் தேதி.

மறுநாள் ஜெயவேல் தாள்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஐந்து தாளில் ஒரே கை. நானே அவற்றை எழுதி நடுவில் செருகிவிட்டேன் என்று மனுக் கொடுத்தார். அவர் மீது கோபப்பட என்னால் முடியவில்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். விசாரணைக்கு மூன்று பேர் குழு போட்டிருக்கிறார்கள். விடுதியில் நான் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாகப் பேசுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதைக் காட்டினால் தாள்களில் இருப்பது என் கை இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது. முனியம்மாள் இறந்ததும் இருக்கிறது.

தாத்தா, ஒரு கடிதம் எழுதுவீர்களா? அந்த நாலு பேரும் அங்கே இருந்தார்கள், கை நடுங்கியதால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள் என்று. அவ்வளவு போதும். முனியம்மாளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விழாவில் விளக்கேற்றி ஓர் உறுதிமொழி எடுப்போம். "என் மாணவர் கற்றதைக் கூட்டிச் சொல்லமாட்டேன், குறைத்துச் சொல்லமாட்டேன்." மனப்பாடம் செய்யச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். அது மேசை மேல் இருக்கிறது. அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி முகவரி பின்பக்கம் இருக்கிறது. 20-ஆம் தேதிக்குள் வர வேண்டும்.

அமலோற்பவம்


முள்ளிப்பட்டு
18-4-1980

டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். பொய் என்று தெரியும். ஆனாலும் உங்களுக்காக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதியிருந்தேன். அன்றைக்கு வருஷப்பிறப்பு. காசியம்மாள் களம்பூரிலிருந்து வந்திருந்தாள். வந்தவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, எம் பேர்ல நீதான் எழுதினியாமே. இன்னா எழுதின?"

நான் பெருமையாகச் சொன்னேன். "நான் காசியம்மாள். என் புருஷன் நல்லவர். குடும்பம் நன்றாக இருக்கிறது."

அவள் முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். பழைய காயம்தான். கெங்கம்மாள் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அவன நல்லவன்னு எழுதினியா? நான் எதுக்கு ரைஸ்மில்லுக்கு ஓடினேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். உனக்குத் தெரியாதா மாமா?"

"வீட்டு விஷயம் வெளியே போவக்கூடாதேன்னுதாம்மா..."

"அஞ்சு மாசம் சனி ஞாயிறு வந்து குந்திகினு நான் கத்துக்கினது எதுக்கு? ஒரு நாள் ஒரு காயிதத்துல அத எழுதணும்னுதான். வேற யாரும் எழுதமாட்டாங்கன்னு. நீ போய் இப்பிடி எழுதிட்ட. அதுல எம் பேரு வேற."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பேஜார் குறைந்திருக்கும்.

டீச்சரம்மா, அப்போதுதான் எனக்குத் தப்பு எங்கே என்று தெரிந்தது. இழை யார் முடிந்தாலும் இழைதான். பேச்சு அப்படி இல்லை. அய்யாக்கண்ணுவைக் கேட்டேன். "நீ பாட்டுக்கு எழுதிட்ட, நான் தேறிட்டேன்னு சொல்றாங்க, இனிமே வகுப்புக்கு வந்து எனக்குத் தெரியலன்னு எப்பிடிச் சொல்றது?" என்றான். அவன் பேனா பிடிக்கும் வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

அதனால் வேறு கடிதம் எழுதினேன். மூன்று நாள் ஆனது. போஸ்ட் ஆபீசில் நானே கொடுத்தேன். உங்களுக்குப் படி அனுப்புகிறேன்.

"கல்லூரிப் பெரியவர்களுக்கு. காசியம்மாள், ரங்கசாமி, அய்யாக்கண்ணு, முனியம்மாள் ஆகிய நாலு பேர் தாளை எழுதியது நான். அவர்கள் சொல்லி எழுதவில்லை. நானாக எழுதினேன். முனியம்மாள் என் தங்கை. அவள் பரீட்சைக்கு முந்தின மாதம் இறந்துவிட்டாள். டீச்சரம்மாவுக்கு இன்று வரை எதுவும் தெரியாது. அவர் நல்லவர். நன்றாகச் சொல்லித் தந்தார். இது என் கையெழுத்து. வேண்டுமானால் நேரில் வந்து எழுதிக் காட்டுகிறேன்."

உங்கள் மேல் ஒரு தூசியும் விழாதபடி எழுதியிருக்கிறேன். பதக்கம் போய்விடும் என்று தெரியும். உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். என்னைத் திட்டுங்கள்.

தனக்கோடி


வேலூர்
30-4-1980

தாத்தாவுக்கு,

உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

22-ஆம் தேதி குழு கூடியது. உங்கள் கடிதத்தை முதல்வர் அம்மா உரக்கப் படித்தார். படித்துவிட்டு அதை ஐந்து தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜெயவேலிடம் கொடுத்தார். அவர் பார்த்ததும் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல்வர் சொன்னார்: "நாலு தாளைத் தள்ளினால் பதினெட்டு. அதனால் பதக்கம் ஜெயவேலுக்கு. ஆனால் உனக்கு எதுவும் தெரியாது என்று அந்தப் பெரியவரே எழுதியிருக்கிறார். உன் பெயர் தகைமைப் பட்டியலில் இருக்கும். மாதிரிப் பள்ளியில் இன்னோர் இடமும் இருக்கிறது. நான் எழுதித் தருகிறேன்."

எல்லாம் முடிந்துவிட்டது தாத்தா. "நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கதவு வரை வந்தும்விட்டேன். அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. தங்கைகள் ஞாபகம் வந்தது. அதையெல்லாம் மீறி உங்கள் ஒரு வரிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சரம்மாவுக்கு இன்று வரை எதுவும் தெரியாது.

காசியம்மாளிடம் அவ்வளவு பேச்சு வாங்கிவிட்டு வந்து, எனக்காகவும் ஒரு வரி எழுதிவிட்டீர்களே. அதிலும் நல்லவர் என்றே எழுதிவிட்டீர்கள்.

திரும்பிப் போனேன். மார்ச் 22-ஆம் தேதியிலிருந்து எனக்குத் தெரியும் என்றேன். முதல் கடிதத்தைக் கிழித்தேன் என்றேன். பொய்யாக ஒரு கடிதம் எழுதச் சொல்லி உங்களைக் கேட்டேன் என்றேன். பெட்டியிலிருந்த இரண்டாவது கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன். முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை ஏன் இப்போது சொல்கிறாய்?" என்று கேட்டார்.

பட்டியலில் என் பெயர் இல்லை. வேலைக்கும் எழுதித் தரமாட்டார்கள். மன்றத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். தேர்வு எழுத மட்டும் அனுமதி. முள்ளிப்பட்டுக்கு அடுத்த ஆண்டு மன்றத்திலிருந்து யாரையும் அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். என்னால் உங்கள் எல்லோருக்கும் நேர்ந்தது அது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

விழாவன்று கடைசி வரிசையில் நின்றேன். அப்பா வந்திருந்தார். தந்தி தவறு என்றும் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதிய கடிதம் அவர் கையில் கிடைத்திருந்தது, ஆனாலும் வந்தார். புதுச் சட்டையில்தான் வந்தார். விளக்கேற்றி அவர்கள் உறுதிமொழி சொன்னபோது எனக்கு உதடு அசைந்தது. பஸ் நிலையம் வரை அப்பாவோடு நடந்தேன். பஸ் ஏறும்போது, "நீ சொல்லிட்டியாமே, அது ஒண்ணுதான் கேக்க வந்தேன்" என்றார்.

அமலோற்பவம்


முள்ளிப்பட்டு
6-5-1980

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் நானாகப் படித்தேன். மூன்றாம் தரம் கெங்கம்மாளுக்குப் படித்தேன். உங்கள் அப்பா சொன்ன இடத்தில், "மறுபடியும் படி" என்றாள். படித்தேன்.

உங்களுக்காக அந்த வரியை எழுதியது தப்பு. எழுதும்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நல்லதுதானே செய்கிறோம் என்றிருந்தது. காசியம்மாள் திட்டிய மறுநாளே அதையேதான் செய்திருக்கிறேன். இந்தப் புத்தி எனக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது பாருங்கள்.

வகுப்பு நின்றுபோனது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பரசுராமன் என்னோடு பேசுவதில்லை. "எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன் போதும் ஊரக் கெடுக்க" என்று முதலாளி வீட்டு வாசலில் என் காதுபடச் சொன்னான். ரங்கசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். உடம்பு பாதியாகிவிட்டது. அவன் பெயரில் என்ன எழுதினேன் என்று போய்ச் சொன்னேன். "நான் திடமா கீறேன்னா எழுதின?" என்று கேட்டுச் சிரித்தான், சிரிக்கும்போதே இருமல் வந்துவிட்டது. காசியம்மாள் களம்பூருக்கே திரும்பிப் போய்விட்டாள். போகும்போது ஒரு பென்சில் கேட்டாள். கொடுத்தேன்.

மூன்று பேரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைத் திட்டவோ சிரிக்கவோ செய்தார்கள். மனது கொஞ்சம் இறங்கியது.

முனியம்மாள்தான் பாக்கி. பத்தொன்பது வயதில் தாலி அறுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தாறு வருடம் என் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, நாடாவில் போடும் நூலைக் குச்சியில் தாராகச் சுற்றினாள். நான் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவேன், தார் கையில் இருக்கும். உங்கள் வகுப்புக்கு என்னோடு வந்தவள் அவள். எனக்கு முன்னாலேயே அவள் தன் பெயரை எழுதினாள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பிறகு சிலேட்டில் என்னென்னவோ எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தால் கையால் அழித்துவிடுவாள். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தத் தாளில் அவள் என்ன எழுதியிருப்பாள் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். முதல் இரண்டு வரி நான் எழுதியதுதான் வரும். மூன்றாவது வரி தெரியவில்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதினேன். இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தனக்கோடி